துண்டால் துடைத்த கிண்ணம்

"யாக்கோபு அண்ணே, உங்க தேத்தண்ணியில எனக்கும் ஒரு வாய் கொடுங்க."

ஈப்போவிலிருந்து கோப்பெங் போகும் மோட்டார் பஸ்ஸில், என் முன் இருக்கையில் இருந்தவர் இப்படிக் கேட்டதும், அவர் பக்கத்திலிருந்த பெரியவர் தேத்தண்ணிப் பாட்டிலை மடியில் மறைத்துக்கொண்டார். தேத்தண்ணிக்கு இவ்வளவு ரோஷமா என்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அன்னைக்குக் கோயில் திருவிருந்துல, எல்லாரும் ஒரே கிண்ணத்துல திராட்சரசம் குடிக்கையில, நான் குடிச்ச கிண்ணத்தைத் துண்டால துடைச்சிட்டுத்தானே நீ குடிச்சே? சபையே பாத்துச்சு."

"தப்புத்தாண்ணே. அதோட நீங்க கோயிலுக்கே வரல. எனக்கும் அந்தக் கிண்ணம் தொண்டையில இறங்க மாட்டேங்குது."

"எப்படி இறங்கும்? துண்டு அடைச்சிருக்கும்லா."

"திட்டுங்கண்ணே. ஆனா ஒரு வாய் கொடுங்க."

பெரியவர் வேண்டுமென்றே பாட்டிலில் வாய் வைத்து ஒரு மிடறு குடித்தார். பிறகு அதை நீட்டினார்.

மற்றவர் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். பெரியவர் முகம் சுருங்கியது. அவரோ அதை நாலாக மடித்து, இருக்கையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். பாட்டிலை வாங்கி, அண்ணாந்து ஊற்றாமல், வாய் வைத்தே குடித்தார்.

"முழுசும் குடிச்சிராதே, எனக்கும் வை."

பாட்டிலைத் திரும்ப வாங்கிய பெரியவரும் துடைக்கவில்லை. மிச்சத்தைக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"ஞாயித்துக்கிழமை வாரேன். எனக்கு அடுத்தாப்ல நில்லு."