நார்வேக்காரனைக் காணோம்

…அதத்தான் நானும் கேக்கறேன் தம்பி, ஊரையே கூட்டி வெச்சுட்டு ஓட வேண்டிய ஆளக் காணோம்னா இதுக்குப் பேரு பந்தயமா? உக்காருங்க, உக்காருங்க, எந்திரிக்காதீங்க. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் குட்டை, நீங்க எந்திரிச்சா அந்தப் பக்கம் சூப்புப் பானை சாஞ்சுரும். கால நல்லா அடுப்புப் பக்கம் நீட்டுங்க. ம்… அப்படி. வரும்போது எப்படி வந்தீங்க! உதடு நீலம், காது நீலம், வாயில ஒரு வார்த்தை இல்ல. நான் மட்டும் கோட்டப் பிடிச்சு உள்ள இழுத்துப் போடலேன்னா இந்நேரம் உங்கள கடப்பாரை போட்டுத்தான் ஐஸ்லேர்ந்து பேத்து எடுத்திருக்கணும். அந்த மஃப்ளர அவுக்காதீங்க! காத மூடிக் கட்டியிருக்கேன், இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரோடது. அவருக்கு இனிமே குளிராது, போய்ச் சேந்துட்டாரு.

இருங்க, பால். ஒரு கண்ணு இது மேல இருந்துக்கிட்டே இருக்கணும். ஐஸ் மேல இந்தக் கடையப் போட ஆரம்பிச்சதுலேர்ந்து ஒரு தடவ, ஒரே ஒரு தடவகூட பால் பொங்கி வழிஞ்சதில்ல. யார வேணா கேளுங்க. 'பௌக்யாவுக்கு வாய்தான் பொங்கும், பால் பொங்காது'ம்பாங்க. பௌக்யா நான்தான். சோம்பு தட்டிப் போட்டிருக்கேன், குடிங்க. கேக்கும் எடுத்துக்குங்க, இஞ்சி கேக். இன்னொண்ணு? தலையாட்டறீங்களே, அப்ப ரெண்டா வெக்கறேன்.

நீங்க ஹாலந்துப் பக்கம்தானே? பாத்தாலே தெரியுது. நாங்க ஃப்ரீஸ்லாந்துக்காரங்க பேசறது ஒண்ணும் புரியாது, ஆனா புரிஞ்ச மாதிரியே தலையாட்டுவீங்க. பரவால்ல. எனக்குக் கேக்கறதுக்கு ஒரு காது இருந்தாப் போதும், அதையும் நானே கட்டி வெச்சுட்டேன், ஹ்ஹ.

கடையப் பாருங்க, ஈ காக்கா இல்ல. காலையில இங்க கால் வைக்க இடமில்ல தம்பி! தோத்தவன் எல்லாம் இங்கதான வரணும்? ரெண்டு கோடு, நடுவுல பனி வரப்பு. ரெண்டு பேர் கால்ல இரும்பு கட்டிக்கிட்டு கால்வாய் ஐஸ் மேல வழுக்கி ஓடணும், தோத்தவன் எங்கிட்ட வந்து பிராந்தியில ஊறின திராட்சை சாப்பிட்டு அழணும், ஜெயிச்சவன் மறுபடி போய் ஓடணும். எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அப்படித்தான். இப்ப என்னன்னா வெளிநாட்டுக்காரங்க வர்றாங்கன்னதும் தொப்பி வெச்ச கனவான்கள் நாலு பேர் கையில கடிகாரத்த வெச்சுக்கிட்டு நிக்கறாங்க. பக்கத்துல ஓடறவனப் பாக்க மாட்டாங்களாம், முள்ளப் பாப்பாங்களாம். முள்ளுக்கு மூச்சு வாங்குமா? முள்ளுக்கு முட்டி வலிக்குமா? இங்கிலீஷ்காரன் ஒருத்தன், மீசைக்கு மெழுகு பூசிக்கிட்டு வந்தான். ஹெஸல் அவன ரெண்டே ஓட்டத்துல இங்க அனுப்பிட்டான். உங்க எடத்துலதான் உக்காந்திருந்தான். மெழுகு உருகி சூப்புல விழுந்துச்சு.

ஹெஸல் யாருன்னு கேக்கறீங்களா? கேக்கல. சரி, சொல்றேன்.

படகுக்காரன். அடுப்புக்கு எரிக்கற மண்கட்டி ஏத்தற படகு. தண்ணி ஓடறப்ப அவனப் பாக்கவே முடியாது, ஊர் ஊராப் போவான். கால்வாய் உறைஞ்சா படகு மாட்டிக்கும், அவன் மாட்டிப்பான், கூடவே நானும் மாட்டிப்பேன். கூடாரத் துணியில அந்தக் கிழிசல் வழியாப் பாருங்க, பாலத்துக்குக் கீழ நிக்குதே, பின்பக்கம் நீலமும் மஞ்சளும் பட்டை போட்டது? அதான். உலகத்துல எவனாவது படகுக்கு அந்த நெறம் அடிப்பானா? கண்ணக் குத்துது. 'ஏன்டா இப்படி?'ன்னு கேட்டேன். 'நூறு படகு நின்னாலும் என்னோடது எதுன்னு உனக்குத் தெரியணும்ல'ன்னான். எனக்கு எதுக்குத் தெரியணும்? கேளுங்க தம்பி, எனக்கு எதுக்கு?

வருஷா வருஷம் ஐஸ் பிடிச்ச மறுநாளு வந்துருவான். பட்டாணி சூப்பு. கிண்ணத்த வழிச்சு நக்கிட்டு, தொப்பியக் கையில எடுத்துக்கிட்டு, 'பௌக்யா, இந்த வருஷமாவது?'ம்பான். அவ்வளவுதான். அதுக்கு மேல அவனுக்கு வார்த்தை கெடையாது. நான் 'ஐஸ் உருகட்டும், பாப்போம்'பேன். ஐஸ் உருகும், படகு போயிரும். எதுக்கு இழுத்தடிக்கறேன்னு எங்க அக்கா கேப்பா. ஒரு தடவ புருஷன் வெச்சு, ஜன்னி வந்து பறிகொடுத்தவளுக்குத் தெரியும்டி, உனக்கு என்ன தெரியும்பேன். ம்… அத விடுங்க. கேக் சாப்பிடுங்க.

இந்த வருஷமும் வந்தான். கடை நெறைய ஆளு. அப்பதான் சத்திரத்துச் செவுத்துல நோட்டீஸ் ஒட்டியிருந்தாங்க, இங்கிலீஷ்காரன் வர்றான், ஜெர்மன்காரன் வர்றான், நார்வேக்காரன் வர்றான், காத்த விட வேகமாப் போவானாம், அது இதுன்னு. எல்லாரும் அதத்தான் பேசிக்கிட்டிருந்தாங்க. இவன் எந்திரிச்சு, அத்தன பேர் நடுவுல, தொப்பியக் கழட்டிக்கிட்டு, 'இந்த வருஷமாவது?' என் வாய் இருக்கே… 'அந்த நார்வேக்காரன ஜெயிச்சுட்டு வா, பாப்போம்'னுட்டேன்!

ஏன் சொன்னேன்? தெரியல தம்பி. பால்னா பொங்கறதுக்கு முன்னாடி விளிம்புல ஒரு நுரை கட்டும், பாத்து எறக்கிரலாம். வாய்க்கு அதெல்லாம் கெடையாது.

எல்லாரும் கைதட்டிட்டாங்க. அவன் சிரிக்கல. 'சரி'ன்னுட்டுப் போய்ட்டான். அன்னைலேர்ந்து சூப்பு கெடையாது, ஒடம்பு கனக்குமாம். இருட்டோட எந்திரிச்சு பாலத்துக்கும் காத்தாடி மில்லுக்கும் ஓடறான். நாப்பது வயசுக்கு மேல! நேத்திக்கு வந்து நிக்கறான், மீசை தாடி ஒண்ணும் இல்ல. காத்து பிடிக்குமாம். மூஞ்சி உரிச்ச உருளைக்கிழங்கு மாதிரி. எனக்குச் சிரிப்பு அடக்க முடியல, அகப்பையக் கீழ போட்டுட்டேன். அப்புறம் பாத்தா… தாடையில ஒரு குழி இருக்கு தம்பி. இத்தன வருஷமா அத மறைச்சு வெச்சிருந்திருக்கான்.

இதோ! கேட்டுச்சா? ரெண்டாவது மணி. மூணாவது மணிக்குள்ள ஆள் வரலேன்னா நிக்கறவன் ஜெயிச்ச மாதிரி. அந்தத் தகரக் கொழாயில நார்வேக்காரன் பேரக் கத்தறான் பாருங்க. 'எங்… எங்ங்…' என்ன பேரு அது, தொண்டையில மீன்முள்ளு மாட்டின மாதிரி.

ஏய் ஸிப்கே! ஐஸ் கூட்டறத விட்டுட்டு இங்க வா. என்னடா ஆச்சு? என்ன? …என்ன? உள்ள வராத, பனியக் கொண்டாந்து கொட்டாத, அங்கயே நின்னு சொல்லு. …ஹெஸலா? …அடப்பாவி. சரி போ.

கேட்டீங்களா? உங்களுக்கு எங்க கேக்கும். கோட்டையும் சட்டையையும் கழட்டிட்டு வெறும் கம்பளி உள்ளாடையோட பந்தயக் கோட்டுல நிக்கறானாம், மொத மணியிலேர்ந்து! உக்காரச் சொன்னா உக்கார மாட்டேங்கறானாம். கடிகாரக் கனவான் ஒருத்தர் கையக் குலுக்க வந்தாராம், 'மூணாவது மணி அடிச்சா பரிசு உமக்குத்தான்'னு. இவன் என்ன சொன்னானாம் தெரியுமா? 'அந்தாளு எங்கயாவது ஐஸ் ஒடஞ்சு உள்ள போயிருந்தா? மொதல்ல தேடுங்க'ன்னானாம். இப்ப பாதி ஊரு ஏணியும் கயிறும் எடுத்துக்கிட்டு மில்லுப் பக்கம் ஓடுது!

நீங்க என்ன சிரிக்கறீங்க?

எனக்கு வயிறு எரியுது. மணி அடிக்கட்டும், ஜெயிச்சேன்னு வாங்கிக்கிட்டு வர வேண்டியதுதான? இல்ல, இல்ல, இருங்க… ஆளே இல்லாம ஜெயிச்சா அது ஜெயிச்சதா? ஊரு என்ன சொல்லும்? 'பௌக்யாவுக்கு மாப்பிள்ளை மணியடிச்சு வந்தான்'னு சாகற வரைக்கும் சொல்லும். அவனே ஒத்துக்க மாட்டான். தொப்பியக் கையில எடுக்கவே மாட்டான். ஐஸ் உருகினதும் அந்தக் கேவலமான பட்டையக் காட்டிக்கிட்டுப் போயிருவான். அடுத்த வருஷம் வேற ஊர்ல போய் உறைஞ்சு நிப்பான். எல்லாம் அந்த நார்வேக்காரனால. எந்த மூலையில கால நீட்டிக்கிட்டு உக்காந்திருக்கானோ படுபாவி!

என்ன தீயற வாசன? கேக்கா? பாலா? பால் இல்ல… அய்யய்யோ, உங்க சாக்ஸ்! காயட்டும்னு அடுப்பு மேல போட்டேன், ஒட்டிக்கிச்சே! பாருங்க, குதிகால்ல ஓட்டை, என் கையே உள்ள போகுது. எம்மேல தப்பு இல்ல, நீங்களாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சரி சரி, மூஞ்சியத் தொங்கப் போடாதீங்க. இருங்க. இந்தக் கூடையில… இந்தாங்க. புதுசு. போட்டுக்கோங்க. யாருக்கும் பின்னினதில்ல, சும்மா பின்னினது. கை சும்மா இருந்தா எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும். முட்டி வரைக்கும் வரும், நல்லா இழுத்து விடுங்க. அட, அளவு எடுத்த மாதிரி இருக்கே! எங்க ஊர்ல அவ்வளவு பெரிய காலு ஒரே ஒருத்தனுக்குத்தான்…

அத விடுங்க. பூட்ஸ் எங்க? இந்தச் சாக்குலயா? தள்ளுங்க, நான் எடுத்துத் தர்றேன். என்ன இது, இந்தக் கனம் கனக்குது… உள்ள என்ன வெச்சிருக்கீங்க, கத்தி…

தம்பி.

இது என்ன?

இது பூட்ஸோட சேத்து முடுக்கின இரும்பு. எங்காளுங்களோடது எல்லாம் மரக்கட்டையில பதிச்சது, தோல்வாரு போட்டுக் கால்ல கட்டறது. இது அடியிலேர்ந்து முன்னால கத்தி மாதிரி நீட்டிக்கிட்டு… கோட்ட விலக்கு. வெலக்குய்யா! …அம்மாடி. என்ன தொடை இது, ரெண்டு வெண்ணெப் பீப்பா மாதிரி! சாக்ஸ் கழட்டறப்பவே நான் பாத்திருக்கணும்.

எங்… எங்கர்? நீ எங்கர்?

பல்லக் காட்டறான்! மீன்முள்ளே, நீயா? உன்னத் தேடிக்கிட்டு ஊரு ஏணி தூக்கிக்கிட்டு அலையுது, நீ என் கடையில உக்காந்து நாலாவது கேக்க முழுங்கிக்கிட்டு… யாரு குடுத்தா? நான்தான் குடுத்தேன். யாரு உள்ள இழுத்துப் போட்டா? நான். மணி கேக்காம காத யாரு கட்டினா? அய்யோ, யாரு கட்டினா!

…இரு. எந்திரிக்காத. உக்காரு.

இப்ப நீ இங்க இருக்கறது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். உனக்கே தெரியாது. இன்னொரு பால் ஊத்தினா குடிப்ப. மூணாவது மணி அடிச்சுரும். ஹெஸல் ஜெயிச்சாச்சு. ஊரு நாலு நாள் சிரிக்கும், சிரிக்கட்டுமே. நான் சொன்ன வார்த்தையும் நின்னுரும், அவனும்… இந்தா, குடி. நல்லா சூடா…

அங்க உள்ளாடையோட நிக்கறான். முட்டியெல்லாம் வெறைச்சிருக்கும். உனக்கு என்ன ஆச்சோன்னு நிக்கறான்.

குடு அந்தக் கோப்பைய! குடுன்னா! குடிச்சது போதும். எந்திரி! சூப்பு சாஞ்சா சாயட்டும். பூட்ஸ மாட்டு. வாரு எங்க, இழு, இன்னும் இழு, என்னய்யா கொழந்தையாட்டம்! மஃப்ளரக் கழட்டு. கோட்டக் கழட்டு. ஏய் ஸிப்கே! ஸிப்கே! மணியடிக்கறவன் கையப் பிடிச்சுக்கச் சொல்லு! ஆளு இருக்கான்! எங்கன்னு கேக்காத, இருக்கான்!

வா, வா, என் தோளப் பிடிச்சுக்கோ. மரச்செருப்போட ஐஸ்ல என்ன ஓட வெக்கறியே படுபாவி. கேளு. நீ வேகமா ஓடு. விட்டுக் குடுத்து கிடுத்து வெச்சேன்னா அவனுக்குத் தெரிஞ்சுரும், அப்புறம் ரெண்டு பேரையும் அகப்பையால அடிப்பேன். ஆனா… நாலு கேக் தின்னிருக்கல்ல? ரொம்பவும் வேகமா ஓட வேண்டாம்… இல்ல, ஓடு! ஓடித் தொலை!

அய்யோ, இருடா, இரு! சாக்ஸு! அது அவனோடது! அவனுக்குத்தான்… ரெண்டு மாசமா… கழட்ட எங்க நேரம். போய்ட்டான். என்னமாப் போறான் பாரு, காத்து மாதிரி.

டேய் எங்கர்! ஹெஸல்கிட்ட சொல்லு… உனக்குத்தான் பேச வராதே. சரி, பேசாத! அவன் முன்னால போய் நில்லு! கால நீட்டிக் காட்டு! மேல அந்த நீலப் பட்டையும் மஞ்சப் பட்டையும் தெரியற மாதிரி நல்லா இழுத்து விட்டுக்கோ! அவன் படகு நெறம் அவனுக்குத் தெரியாதா? ஓடறதுக்கு முன்னாடியே காட்டுடா! முன்னாடியே!

…என்ன சத்தம் அது, பின்னால? புஸ்ஸுன்னு…

அய்யய்யோ, பால்.

பொங்கட்டும்.