சடையன் திரும்பிப் பார்க்காத ஓட்டம்

ஜய வருஷம் பங்குனி மாதம் இருபத்திரண்டாம் தேதி, பழவேற்காடு ஒல்லாந்தர் கோட்டைக் கச்சேரியில் துபாஷி விசாரிக்க, நான் சொல்லியதைக் கணக்கப்பிள்ளை எழுதிக்கொண்டது.

என் பெயர் சடையன். தகப்பன் பெயர் தேசப்பன். வயது முப்பத்திரண்டு இருக்கும். இருப்பு முகத்துவாரக் குப்பம். தொழில் கடலில் வலை, வருஷத்தில் ஒரு நாள் கூலிக்கு ஓட்டம். போட்டி ஊரான ஆரம்பாக்கத்தாரிடம் கைக்கூலி வாங்கிக்கொண்டு இந்த வருஷத்து ஓட்டத்தைத் தோற்கடித்தேன் என்று என் தங்கை தெய்வநாயகி கொடுத்த பிராதின்மேல் விசாரிக்கப்படுகிறேன்.

கோட்டை வாசலில் புறப்பட்டுத் திருப்பாலைவனம் கோயில் குளத்தைத் தொட்டுத் திரும்புகிற இந்த ஓட்டத்தைத் தாது வருஷத்தில் அப்போதிருந்த துரை ஏற்படுத்தினார். கடிதம் சுமக்க நல்ல காலாள் வேண்டும் என்பது அவர் எண்ணம். ஜெயித்தவனுக்கு வருஷம் முழுக்க அந்த வேலை, அவன் ஊராருக்குக் கப்பல் மூட்டை சுமக்கிற கூலியில்லா வெட்டிவேலையிலிருந்து விலக்கு. தோற்ற ஊர்க்காரன் மீன் படுகிற நாளில் வலையைப் போட்டுவிட்டு அலைக்குள் மூட்டை தூக்கப் போகவேண்டும். பார்த்திப வருஷம் புயலில் ஓட்டம் நடக்கவில்லை, ஆனால் மூட்டை மட்டும் நிற்கவில்லை. ஆரம்பத்தில் ஊருக்குப் பத்துப் பேர் ஓடி அடிதடியானபடியால், அதற்குப் பிறகு ஊருக்கு இரண்டே பேர் என்று விதி வந்தது.

அந்த இரண்டு பேரில் ஒருவன் ஜெயிக்கிறவன், மற்றவன் காற்று மறிக்கிறவன். திரும்பும்போது கடற்காற்று முகத்தில் அடிக்கும். மறிக்கிறவன் முன்னால் ஓடி அதைத் தன் நெஞ்சில் வாங்குவான், ஜெயிக்கிறவன் அவன் முதுகோடு ஒட்டி வருவான். கோட்டை தெரிந்ததும் மறிக்கிறவன் இடப்பக்கம் ஒதுங்கி வழிவிட வேண்டும். இடையில் அவன் திரும்பிப் பார்க்கக் கூடாது, தோள் திரும்பினால் காற்று உள்ளே புகுந்துவிடும். காலடிச் சத்தம்தான் கணக்கு. என் தங்கை புருஷன் ராஜவேலுவுக்கு விரோதி வருஷம் முதல் நான் மறித்தேன். நான்கு வருஷம் ஜெயித்தோம். கர வருஷம் மட்டும் அவன் வலது குதிகாலில் திருக்கை மீன் முள் ஏறித் தோற்றோம். அதன்பிறகு அந்தக் கால் மண்ணில் இழுபடும். அந்த இழுப்போடுதான் பின்னும் இரண்டு முறை ஜெயித்தான்.

இந்த வருஷம் குளத்தைத் தொட்டுத் திரும்பும்வரை இழுப்புச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பனந்தோப்புப் பக்கம் காற்று கடுமையாக இருந்தபடியால் தலையைக் குனிந்துகொண்டு ஓடினேன். அதற்குப் பிறகு கோட்டை தெரிந்தது. வழக்கப்படி இடப்பக்கம் ஒதுங்கினேன். என்னைத் தாண்டிப் போனவன் ஆரம்பாக்கம் கங்காதரன்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு வந்த வழியே திரும்பி ஓடினேன். பனந்தோப்பில் ராஜவேலு குப்புறக் கிடந்தான். வாயெல்லாம் மண், உயிர் இல்லை. பின்னால் ஓடிவந்தவர்கள், அவன் விழுந்து என்னை மூன்று தரம் கூப்பிட்டதாகச் சொன்னார்கள். எதிர்க்காற்றில் அவன் குரல் என்னை எட்டவில்லை. அவன் விழுந்ததும் கங்காதரன் சத்தமில்லாமல் என் முதுகுக்குப் பின் வந்துவிட்டான். அது விதிக்கு விரோதமில்லை.

பிணத்தை வீட்டில் கிடத்தினபோது தெய்வநாயகி அழவில்லை. என்னைப் பார்த்து, "ஆறு வருசமா கேட்ட காலடி உனக்குத் தெர்லியா? எவ்ளோ குட்த்தாங்க, சொல்லு" என்றாள். மறுநாள் முதல் எங்கள் குப்பத்து ஆட்கள் மூட்டைக்குப் போகிறார்கள். நான் போனால் பக்கத்தில் நிற்க யாரும் இல்லை. கைக்கூலி என்று ஒரு காசு வாங்கியிருந்தால் என் கை அழுகட்டும்.

காலடி மாறியது தெரியுமா தெரியாதா என்று துபாஷி கேட்டார். தெரியும். பனந்தோப்பிலிருந்து இரண்டு காலும் சரிசமமாக விழுந்தன, இழுப்பே இல்லை. அப்படியானால் ஏன் திரும்பவில்லை என்று கேட்டார். அந்தக் கால் குணமாக வேண்டுமென்று தெய்வநாயகி மூன்று வருஷமாகப் பச்சையம்மனுக்கு வெள்ளிக்கிழமை பட்டினி கிடந்தாள். அம்மன் கண் திறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஓடிக்கொண்டே, "மச்சான், கால் சரியாயிட்ச்சுடா" என்றேன். பின்னால் பதில் இல்லை. ஓட்டத்தில் மூச்சை வீணாக்கமாட்டான் என்று எண்ணிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷமாக நான் என்றைக்கும் ஓடியதில்லை.

இந்தக் கடைசி விஷயத்தை எழுத வேண்டாம், என் தங்கைக்குத் தெரிந்தால் தாங்கமாட்டாள், நான் காசு வாங்கினேன் என்றே அவள் நினைத்திருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். கேட்டதை எழுதுவதுதான் முறை என்றும், பிராது கொடுத்தவள் என்பதால் நாளைக்கு அவளுக்கு வாசித்துக் காட்டப்படும் என்றும் கணக்கப்பிள்ளை சொன்னார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, பொய் இல்லை. எழுத்துத் தெரியாதபடியால் கீறல் போட்டேன்.

சடையன் கீறல் ✕