காட்டுக் குத்தகை கூடின கதை

...வெறும் சூப் ஐசே! விடிய வெள்ளெனத் தொடங்கி மத்தியானம் மட்டும் கத்திக் கத்தி மான் கலைச்ச மனிசனுக்கு ஒரு கோப்பை சூப். போன வருசம் இவ்வளவு நீளச் சொசேச், பாண், வைன்... நான் மறக்க மாட்டன். செத்தாலும் மறக்க மாட்டன். நல்லகாலம் இந்தக் கோச்சியிலை ஒரு தமிழ் முகத்தைக் கண்டன். லுசேர்ண் ஸ்டேசனிலை ஏறினதிலையிருந்து ஆருக்கெண்டாலும் சொல்லவேணும் எண்டு வாய் துடிச்சது.

கேட்டா முதலாளி சொல்லுறார், காட்டுக் குத்தகை ரெண்டு மடங்காப் போச்சாம். ஓம், இஞ்சை துவக்கு இருந்தாப் போதாது. ஊர்ச் சபையிட்டை எட்டு வருசத்துக்குக் காட்டைக் குத்தகைக்கு எடுத்தாத்தான் ஒரு மானைச் சுடலாம். நான் கோப்பை கழுவுற ரெஸ்டோரண்ட் முதலாளியும் கூட்டாளிமாரும் சேர்ந்து எடுத்து வைச்சிருக்கினம். சுடுறது அவை. பத்தைக்குள்ளை பூந்து கலைச்சு விடுறது ஆர்? நான்! சிவப்புத் தொப்பியும் போட்டு, கொண்டைச் சாவல் மாதிரி... சிரியும், சிரியும்.

ஏன் கூடினது எண்டு கேளுமன். வசந்தத்திலை சபைக்காரர் இருட்டுக்குள்ளை லைட் அடிச்சு மான் எண்ணினவை. பட்டியிலை ஆடு மாதிரி நிண்டுதாம்! 'இவ்வளவு மான் நிக்கிற காட்டுக்கு இந்தக் காசோ?' எண்டு குத்தகையைப் புதுப்பிக்கேக்கை ஏத்திப்போட்டினம். முதலாளிக்கு விசர். 'நாங்கள் தேடேக்கை ஒண்டும் வெளியிலை வருகுதில்லையே' எண்டு என்னைப் பாக்கிறார். என்னை ஏன் பாக்கவேணும்? நான் என்ன, மானை மடியுக்கை ஒளிச்சு வைச்சிருக்கிறனோ?

சரி... உம்மட்டைச் சொன்னா என்ன. நான் பத்தைக்குள்ளை போறேல்லை ஐசே. ஒருநாளும் போகேல்லை. எண்பத்து மூண்டிலை வெடிச்சத்தத்துக்குப் பயந்து ஓடி வந்தவனை, துவக்குக்கு முன்னாலை நடவெண்டா நடப்பனோ? பெரிய மரமொண்டுக்குப் பின்னாலை குந்திக்கொண்டு 'ஓய்... ஓய்...' எண்டு கத்துவன். மான் பத்தையுக்கை சுகமாப் படுத்திருக்கும். அதுவும் என்னை மாதிரித்தானே, உயிருக்குப் பயந்த சீவன். நாலு வருசமாக் குட்டி போட்டுப் பெருகிக் கிடக்கு. குத்தகையை ஏத்தினது வேற ஆருமில்லை, இந்த வீரன்தான்! என்ரை சோத்திலை நானே மண்ணள்ளிப் போட்டன்.

வாற சனி முதலாளி எனக்குப் பின்னாலையே நடந்து வாறாராம். குந்தினனெண்டா கோப்பை கழுவுற வேலையும் போச்சு. நடந்தனெண்டா சீவன் போச்சு. அதுதான் யோசிச்சனான்... நீர் இளந்தாரி. நல்ல கால். எனக்கு நாரிப்பிடிப்பு, இடுப்பு நிமித்த ஏலாதெண்டு சொல்லி எனக்குப் பதிலா உம்மை விடுவமே? சூப்பும், சும்மா சொல்லக்கூடாது, கரட் எல்லாம் போட்டு நல்ல...

எங்கை எழும்புறீர்? இது இடையிலை வாற சுர்சே ஸ்டேசன் ஐசே! ஒல்டன் மட்டும் போறனெண்டெல்லோ சொன்னனீர்? ஐசே...!

பாரன் ஓடுற ஓட்டத்தை. நாலு வருசமா ஒரு மானைக் கலைக்கேல்லை. இருந்த இடத்திலையே ஒரு மனிசனைக் கலைச்சுப்போட்டன்.