உதிரி மல்லி

வேணாம்னு சொல்றேன் இல்ல? கிட்ட கொண்டாராதீங்க அண்ணி. அந்த வாசனையே எனக்கு ஆகாது. தலைக்கு வாங்கினேன்னு மட்டும் சொல்லாதீங்க. தலைக்கு வைக்கிற பூன்னா சரமா கட்டியிருக்கும். இது உதிரி. எலையில சுத்தி மடிக்குள்ள வேற மறைச்சு வச்சிருக்கீங்க. உதிரி மல்லி எதுக்குன்னு எனக்குத் தெரியாதா? பொங்கல்லேர்ந்து ஆடி வரைக்கும் அத வலது மார்ல வச்சு இறுக்கிக் கட்டிக்கினு கெடந்தவ நானு.

பால் கட்டிக்கிச்சு, அவ்ளோதான். பூ வச்சுக் கட்டினா அந்தப் பக்கம் வத்திடும், கட்டி தானா கரைஞ்சுடும். யாரு சொன்னது? நீங்கதான். ஊரே அப்படித்தான் சொல்லிச்சுன்னு இப்ப பேசாதீங்க. ஊரு வந்து என் முதுகுல முடிச்சு போடல. நீங்க போட்டீங்க. பால் வத்திச்சு. கட்டி இன்னா ஆச்சு? புளியங்கொட்டையா இருந்தது எலந்தப்பழமாச்சு. அப்பவும் இன்னும் கொஞ்ச நாள் கட்டுடின்னீங்க.

கடைசில நான் படிச்ச கான்வென்ட்டுக்கே போனேன், திருவள்ளூருக்கு. டிஸ்பென்சரி சிஸ்டர் வெரல வச்சுப் பாத்தாங்க. போய் கைய கழுவிக்கினு வந்து என் தலைமேல வச்சாங்க. ஸ்கூல்ல யாராவது செத்த சேதி வந்தா, அந்தப் பொண்ணு தலையிலதான் அப்படிக் கைய வைப்பாங்க. எனக்கு அங்கியே புரிஞ்சு போச்சு.

இன்னாது? உங்களுக்கு இன்னா தெரியும்னு கேக்கறீங்களா? அதத்தான் நானும் கேக்கறேன். தெரியாதவங்க ஏன் கட்டினீங்க?

ஒக்காருங்க, நிக்காதீங்க. பாப்பா தலை சரியுது பாருங்க. தோள்ல சாச்சுக்கோங்க. இல்ல இல்ல, என்கிட்ட நீட்டாதீங்க. வேணாம்ன்றேன். இப்ப அவள வாங்கிட்டேன்னா அப்புறம் ரயில் ஏற மாட்டேன்.

எங்க எம்புருஷன், உங்க தம்பி? சோடா வாங்கறதுக்கா? சோடாவும் இல்ல, ஒண்ணும் இல்ல. அந்தத் தண்ணித் தொட்டிக்குப் பின்னால நின்னு மூக்க சிந்திக்கினு இருக்காரு. வேட்டி நுனி தெரியுது பாருங்க. எங்கம்மா நேத்து வந்து ஒரே அழுகை. எனக்கு இன்னும் ஒண்ணும் ஆகல, எழுந்து போய் அதுக்கு நான் காப்பி போட்டுக் குடுக்கறேன். பக்கத்து ஊட்டு குப்பம்மா வந்து பக்கத்துல ஒக்காந்து கைய புடிச்சுக்கினு, ஏண்டியம்மா, அந்தப் பச்ச நைலக்ஸ் பொடவைய எங்க வச்சிருக்கன்னு கேக்குது. இன்னா அக்கறை! திரும்பி வந்ததும் மொத வேலையா அந்தப் பொடவைய கட்டிக்கினு அது ஊட்டு வாசல்ல நாலு தடவ நடக்கப் போறேன்.

சிரிக்காதீங்க. உங்களச் சிரிக்க வைக்க சொல்லல.

மெட்ராஸ்ல அந்த ஆஸ்பத்திரில, பெஞ்சுல எம்பக்கத்துல ஒரு பொம்பள. ஏற்கெனவே ஆபரேஷன் ஆனவளாம். நான் கேக்கவே இல்ல, மாராப்ப தள்ளிக் காட்டினா. ஒண்ணும் இல்ல அங்க. கக்கம் வரைக்கும் வழிச்சு எடுத்துட்டு, சாக்கு தைக்கிற மாதிரி தச்சிருக்காங்க. கை மேல தூக்க வரலம்மா, எம்பொண்ணுதான் தலை வாரி விடுதுன்னு சிரிச்சுக்கினே சொல்றா. அவ பொண்ணு கல்யாண வயசு. எம்பொண்ணு இன்னும் தவழ்ந்துக்கினு இருக்கா. எனக்கு யாரு வாரி விடறது, அவளுக்கு யாரு வாரி விடறது?

எனக்கும் மூக்குல மூடி போட்டு மயக்க மருந்து குடுப்பாங்களாம். ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணச் சொல்வாங்களாம். எண்ணிக்கினு இருக்கறப்பவே நின்னு போயிடுமாம். அந்த எடம்தான் அண்ணி. வெட்டறது கூட இல்ல. எண்ணிக்கினே இருக்கறவ எந்த நம்பர்ல நிப்பேன்னு... சிஸ்டர் ஜெபம் சொல்லச் சொன்னாங்க. பாதிலியே மறந்துடுது. எல்லம்மாவுக்கு வேண்டிக்கலாம்னா அவ பேரச் சொல்றதுக்குள்ள வாய் ஒலந்து போவுது. உங்களத் திட்டறப்ப மட்டும் ஒரு வார்த்தை மறக்க மாட்டேங்குது.

அதனால எழுந்து போகாதீங்க. ரயில் வர்ற வரைக்கும் இங்கியே ஒக்காந்து வாங்கிக்கோங்க.

இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு, அதையும் கேட்டுடறேன். அன்னிக்கி நான் மெட்ராஸ்லேர்ந்து வர லேட்டாச்சே, எளாவூர் செக்போஸ்ட்ல லாரிங்க மறிச்சு நின்னு. புட்டியில போட்டு வச்ச டப்பா பால் அப்படியே இருந்தது. பாப்பா வயிறு ரொம்பித் தூங்கறா. அவ ஒதட்டோரம் வெள்ளையா. உங்க ரவிக்கை ஈரமா. எம்பொண்ணுக்கு, என் ஊட்டுல, திருட்டுத்தனமா! நான் கொதிக்க வச்சு ஆற வச்சு, புட்டிய உப்பு போட்டுக் கழுவி, புஸ்தகத்துல இருக்கற மாதிரி பாத்துப் பாத்துச் செஞ்சா, அவ அத துப்பிட்டு உங்க கிட்ட ஒட்டிக்கினா. தூக்கத்துலேர்ந்து அவள எழுப்பி வென்னீர் ஊத்தித் தேச்சுக் குளிப்பாட்டினேன். உங்க வாசனை போகல. ரெண்டு நாளைக்குப் போகல.

இன்னா முணுமுணுக்கறீங்க? சத்தமா சொல்லுங்க.

எனக்கில்லையா? பின்ன யாருக்கு அந்தப் பூ?

உங்களுக்கா?

ஓ. ஆமா, சொன்னேன். கத்தித்தான் சொன்னேன். எம்பொண்ண இனிமே தொடணும்னா, பால வத்த வச்சுட்டு வந்து தொடுங்கன்னு. அதுக்குன்னு வர்ற வழியில வாங்கிட்டீங்களா? உங்க புள்ள குப்புராஜுக்கும் ரெண்டு வயசு தாண்டிடுச்சு, பால மறக்கடிக்க வேண்டியதுதான்னு மனச தேத்திக்கினீங்களா? நான் சொல்ற மத்தது எதையாவது இப்படிக் கேட்டிருக்கீங்களா இத்தினி நாள்ல?

மணி அடிச்சுட்டான். வண்டி வருது. அவர கூப்புடுங்க, மொகத்த கழுவிக்கினு வரச் சொல்லுங்க.

அந்தப் பொட்டலத்த இப்படிக் குடுங்க. குடுங்கன்றேன்.

போச்சு. தண்டவாளத்துல கெடக்கட்டும், வண்டி அதும் மேல ஏறிப் போகட்டும். கீழ குனியாதீங்க, பாப்பா முழிச்சுக்குவா. வேற வாங்கவும் வாங்காதீங்க. ஸ்டேஷன் வாசல்ல விக்கறவ கூப்பிட்டாலும் திரும்பிப் பாக்காம போங்க.

ஏன் அழுவறீங்க இப்ப? எல்லாம் சரியாப் போச்சுன்னு நெனச்சுக்காதீங்க. நீங்க கட்டினது கட்டினதுதான். நான் திரும்பி வந்தேன்னா இந்தச் சண்டைய விட்ட எடத்துலேர்ந்து போடுவேன், காத்துக்கினு இருங்க. கெளம்பறப்பவே புட்டிய பரண்மேல போட்டுட்டேன். குப்புராஜ் மொதல்ல அடம் புடிப்பான், பங்கு கேப்பான். ரெண்டும் அடிச்சுக்கட்டும்.

பெட்டிய அவரு தூக்கிக்குவாரு. நீங்க அவள புடிங்க, நல்லா புடிங்க, எஞ்சின் சத்தத்துக்கு ஒதறுவா.

அண்ணி, ராத்திரி முழிச்சா எடது பக்கம் குடுங்க. பொங்கல்லேர்ந்து அது ஒண்ணுதான் அவளுக்குப் பழக்கம்.