நோயாளி தாங்கமாட்டார்

நோயாளி உட்காரும் நாற்காலி மருத்துவரின் நாற்காலியைவிட வசதியாக இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. என்னுடையது வெறும் மரம். எதிரே இருப்பது மெத்தை தைத்து, கைப்பிடி வைத்து, சாய்ந்தால் முதுகுக்கு இதமாக இருப்பது. விசாரணைக் குழுவின் அறையில் எனக்குப் போட்டிருந்த இரும்பு நாற்காலியைப் பார்த்ததுமே, உங்களில் எவரும் அடுத்தவர் இடத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்று புரிந்துகொண்டேன். குறையாகச் சொல்லவில்லை. வாக்குமூலத்தை நானே எழுதித் தருகிறேன் என்றேன், சம்மதித்தீர்கள். அதற்கு நன்றி.

எங்கள் பகுதியில் என்னைச் 'சிரிப்பு டாக்டர்' என்பார்கள். அழுதுகொண்டு போகிறவர் சிரித்துக்கொண்டு திரும்புவார் என்பதால் வந்த பெயர். கீழே மருந்துக்கடை, மாடியில் நான். மூச்சு வாங்க ஏறி வருகிறவரிடம், "இந்தப் படியை ஏறிட்டீங்கன்னா பாதி வியாதி இல்லைன்னு அர்த்தம். மீதி பாதிக்குத்தான் எனக்கு ஃபீஸ்" என்பேன். அரதப் பழசுதான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் எடுபடும்.

என் அறைச் சுவரில் பட்டச் சான்றிதழ் இல்லை என்று சோதனைக்கு வந்த உங்கள் ஆட்கள் குறித்துக்கொண்டார்கள். அந்த இடத்தில் ஒரு வாசகம் எழுதியிருக்கிறது. பழைய காலத்து வைத்தியர்கள், படிப்பை முடித்த சீடனிடம் வாங்கிய சத்தியத்தில் வருவது அது. நோயாளியின் ஆயுள் முடியப்போகிறது என்று தெரிந்தாலும், சொன்னால் அவருக்கோ அவரைச் சேர்ந்தவர்களுக்கோ அதிர்ச்சி உண்டாகும் என்றால் சொல்லாதே. விளம்பரப் பலகை எழுதுகிறவரை வரவழைத்து நீல நிறத்தில் எழுத வைத்தேன். பட்டம் வாங்கிய அன்று எங்கள் கூட்டமும் ஓர் உறுதிமொழி படித்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவன் வாயை மட்டும் அசைத்தான். இன்று அவன் உங்கள் குழுவுக்குத் தலைவர்.

நானும் ஒரு காலத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைக்கிற டாக்டராகத்தான் இருந்தேன். கல்லீரல் முழுக்கப் புற்று பரவிவிட்ட ஒரு தையல்காரரிடம், பாடப்புத்தகத்தில் உள்ளபடி கண்ணைப் பார்த்துத் தெளிவாகச் சொன்னேன். வீட்டுக்குப் போய்ச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர், பிறகு இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. மனைவி கூப்பிட்டாலும் இல்லை, பிள்ளைகள் கூப்பிட்டாலும் இல்லை. எல்லாம் முடிந்தபின் அவர் மனைவி என்னைத் தேடி வந்தாள். "நோவு எடுத்துக்கிட்டது கொஞ்சம்தான் டாக்டர். மிச்சத்தை நீங்க எடுத்துக்கிட்டீங்க" என்றாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் மறந்திருப்பேன். இனி யாரையும் சுவர்ப்பக்கம் திருப்புவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தேன்.

அதன்பிறகு யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்று முகத்தைப் பார்த்தே முடிவு செய்துவிடுவேன். பரிசோதனைக்கு அனுப்பும் மாதிரிகளில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். எந்த எண் யாருடையது என்பது என் தலைக்குள் இருக்கும். முடிவு வந்ததும் வாய்வு என்பேன், வயசுக் கோளாறு என்பேன், கொழுப்புக் கட்டி என்பேன். சத்து மாத்திரை எழுதிக் கொடுப்பேன். முதலில், பிழைக்கவே மாட்டார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களிடம் மட்டும்தான் இப்படி. அவர்கள் சாகும் வரை சாப்பிட்டார்கள், சண்டை போட்டார்கள், அடுத்த வருஷத்துக்குத் திட்டம் போட்டார்கள். பயத்தில் சாவதற்குப் பதிலாக வியாதியில் செத்தார்கள். அவர்களுடைய குடும்பங்கள் இன்றும் எனக்குப் பழம் வாங்கிக்கொண்டு வருகின்றன.

பிழைக்கக்கூடியவர்களிடமும் ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறீர்கள். பதில் உங்கள் விதியிலேயே இருக்கிறது. அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்து வேண்டும். கையெழுத்துக்கு முன் எல்லாவற்றையும் விளக்கிச் சொல்ல வேண்டும். சொல்லாமல் யார் உடம்பிலும் கத்தி வைக்க நான் விட்டதில்லை. சொல்வதில்லை என்பதோ என் சத்தியம். ஆகவே கத்தியும் வைக்கவில்லை. வேறு மருத்துவரிடம் அனுப்பினால் அவர் வாசலிலேயே சொல்லிவிடுவார், ஆகவே அனுப்பவும் இல்லை. இதில் எந்தப் படியில் நான் சறுக்கினேன் என்று காட்டுங்கள்.

பள்ளி வேன் ஓட்டுகிற ஒருவர் தொண்டைக் கரகரப்போடு வந்தார். ஆரம்ப நிலை. கத்தி வைத்திருந்தால் குரல் போயிருக்கும், ஆள் இருந்திருப்பார். வேனில் பிள்ளைகளோடு சேர்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே போகிற மனிதர் அவர். குரல் போகும் என்பதை அவர் தாங்கமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. "கத்திக் கத்திப் புண்ணாக்கி வச்சிருக்கீங்க, கொஞ்சம் மெதுவாப் பாடுங்க" என்று சொல்லி அனுப்பினேன். கடைசி வாரம் வரை பாடினார். அவருடைய மகன் உங்கள் முன் வந்து அழுததாகக் கேள்விப்பட்டேன். அப்பாவைப் போலவே மென்மையான பையன். நான் இருந்திருந்தால் அவனிடமும் எதையும் சொல்லியிருக்க மாட்டேன்.

உங்கள் குழுவில் இருக்கும் இளம் பெண் மருத்துவர் ஒரு கேள்வி கேட்டார். "அதே சத்தியத்துல, உன் உயிரே போனாலும் நோயாளியோட நலத்தைக் கைவிடாதேன்னும் இருக்கே சார். அதை ஏன் சுவர்ல எழுதலை?"

"சுவர்ல அவ்வளவு இடம் இல்லைம்மா" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. நான் உண்மையைத்தான் சொன்னேன், ஜன்னல் இடிக்கிறது.

இனி என் மனைவி விஷயம். புகார் கொடுத்திருப்பது அவளுடைய தங்கை என்பதால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

என் மனைவிதான் வெளியறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுப்பாள். நடுவில் ஒரு பலகைத் தடுப்புதான். நான் உள்ளே சொல்லும் வேடிக்கைகளுக்கு அவள் வெளியே முதலில் சிரிப்பாள், அதைக் கேட்டுக் காத்திருப்பவர்களும் சிரிப்பார்கள். ஒரு மதியம் கடைசி நோயாளி போன பின் உள்ளே வந்து, அந்த மெத்தை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு. பாருங்களேன்."

பட்டாணி அளவு இருந்தது. ஊசியால் மாதிரி எடுத்து, எண் போட்டு அனுப்பினேன். முடிவு வந்தது. பெரும்பாலானவர்கள் பிழைத்துவிடும் கட்டம்.

மனைவிக்கு மட்டும் வேறு நியாயம் வைத்திருந்தால் நான் எப்படிப்பட்ட மனிதன்? ஊருக்குத்தான் உபதேசம் என்று யாரும் என்னைச் சொல்லக் கூடாது. அவள் பல்லியைப் பார்த்தாலே நாற்காலி மேல் ஏறிக்கொள்கிறவள். மார்பை எடுக்க வேண்டும், முடி கொட்டும் என்றெல்லாம் சொன்னால் ஒடிந்துபோவாள்.

"கொழுப்புக் கட்டிதான். கொழுப்பு உனக்கு எப்பவுமே கொஞ்சம் ஜாஸ்தி" என்றேன்.

"அப்படியா? சரிங்க" என்றாள். சிரித்தாள். மறுநாள் வழக்கம்போல் டோக்கன் கொடுக்க உட்கார்ந்தாள். அதன்பின் ஒன்றரை வருஷம் எங்கள் வீட்டில் அந்தப் பேச்சே எழவில்லை. புதுத் திரைச்சீலை வாங்கினோம், இரண்டு முறை ஊருக்குப் போய் வந்தோம். இளைத்தாள், அதற்கு ஒரு டானிக் கொடுத்தேன். கடைசியில் அவளுடைய தங்கை வந்து பார்த்துவிட்டு, என்னைக் கேட்காமல் வேறு மருத்துவமனைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அதற்குள் எலும்பு வரை போயிருந்தது. என் மனைவியைக் கொன்றது நான்தான் என்று எழுதித் தர வேண்டும் என்றால், எழுதிக்கொள்ளுங்கள். அவளைப் பயமுறுத்தியது நான் இல்லை என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

'ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்' என்று சின்னவள், அதாவது மனைவியின் தங்கை, உங்கள் முன்னால் சொன்னாளாம். பழமொழிக்கு எல்லாம் நான் பதில் சொல்வதில்லை.

உங்களுக்கு வேண்டியது வேறு என்று தெரியும். என் தலைக்குள் இருக்கும் பெயர்கள். இன்னும் சொல்லப்படாமல் நடமாடிக்கொண்டிருப்பவர்களின் பெயர்கள். "இப்பவும் காப்பாத்த முடிஞ்சவங்க இருப்பாங்க சார். பேரை மட்டும் சொல்லுங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று அந்த இளம் மருத்துவர் கெஞ்சினார். கண் கலங்கியிருந்தது. நல்ல பெண். இருக்கிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. அவர்களில் ஒருவர் அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறார். இன்னொருத்தி இப்போதுதான் வேலையில் சேர்ந்திருக்கிறாள். நீங்கள் கதவைத் தட்டினால் எல்லோரும் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். பெயர்களைத் தர மாட்டேன். என் பதிவை ரத்து செய்யுங்கள், சிறையில் போடுங்கள். வாயை மட்டும் அசைத்தவர்கள் என்னைத் தண்டிக்கலாம். சத்தியத்தை மீற வைக்க முடியாது.

கடைசியாக ஒன்று. சின்னவளின் சாட்சியத்தை எனக்குப் படித்துக் காட்டினீர்கள். மருத்துவமனையில் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஏன் முன்பே வேறு டாக்டரிடம் காட்டவில்லை என்று அவள் கேட்டாளாம். அதற்கு என் மனைவி சொன்னதாக அவள் சொல்வது இது:

"அவர் உள்ள என்ன சொல்வார்னு தடுப்புக்கு வெளியே இத்தனை வருஷமா கேட்டவடி நான். கொழுப்புக் கட்டின்னு சொன்னதுமே எனக்குப் புரிஞ்சுபோச்சு. நான் வேற டாக்டர்கிட்ட போனா எல்லாம் வெளியே வரும். எத்தனை பேருக்கு என்ன பண்ணியிருக்கோம்னு அவருக்கே தெரிஞ்சுடும். அவர் அதைத் தாங்கமாட்டாருடி."

இதை நான் முழுமையாக மறுக்கிறேன். அக்காவை இழந்த துக்கத்தில் சின்னவள் கட்டிய கதை இது. என் மனைவிக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் பயந்திருப்பாள், என்னிடம் கேட்டிருப்பாள், அழுதிருப்பாள். அந்த ஒன்றரை வருஷத்தில் என் முன்னால் அவள் ஒருநாள்கூட அழுததில்லை. அவளுக்கு எதுவும் தெரியாது என்பதற்கு இதைவிட வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?