பூண்டோடு தொங்கும் போன்

பூம்பாறையிலிருந்து கொடைக்கானல் போகும் காலைப் பேருந்தில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் கேட்டார்:

“அடுப்ப என் தம்பிய நம்பியா விட்டுட்டு வந்தே?”

“கவலையில்ல மதினி. அவரோட பழைய போனு, அடுப்புப் பொகையில காயுற வெதப்பூண்டோட மேல பரண்ல தொங்குது.”

“போனு எதுக்குடி அங்க?”

“அப்டேட்டு நின்னுபோயி சும்மா கெடந்துச்சு. உள்ள இருந்ததெல்லாம் அழிச்சிட்டு லினக்ஸ்னு வேற சிஸ்டம் ஏத்தினேன். ஈரம் பாக்குற சின்னக் கருவி ஒண்ணு சொருகியிருக்கேன். பரண்ல ஈரம் ஏறுனா கத்தும். உடனே ஓடிப்போயி அடுப்ப மூட்டுறாரு.”

“அவனா?”

“ஆமா. போன வருசம் அதே போன்ல வீடியோ பாத்துக்கிட்டுத்தான் அடுப்ப அணையவிட்டாரு. பாதி வெதப்பூண்டு பூசணம் புடிச்சுப் போச்சு. இந்த வருசம் ஒரு பல்லுகூடக் கெடல.”

“ஏன், அந்த லினக்ஸுல வீடியோ ஓடாதாக்கும்?”

“நல்லா ஓடும் மதினி,” என்றபடி இளையவர் மடியிலிருந்த பையைச் சரிசெய்துகொண்டார். “வீடியோ ஆப்ப மட்டும் நான் ஏத்தல.”