முந்தைய கருவியின் குறை

அன்றைக்குக் கேகாலையில் கொடுத்த சாப்பாட்டுப் பார்சல் நன்றாக இருந்தது, மெடம். அந்தப் பலாக்கொட்டைக் கறியை இன்னும் மறக்கவில்லை. கண்டுபிடிப்புகளுக்கான ஆக்கவுரிமை பற்றி நீங்கள் பேசிய அந்தக் கூட்டத்துக்கு எங்கள் தோட்டத்திலிருந்து நான் ஒருவன்தான் வந்தேன். என் முகம் உங்களுக்கு நினைவிருக்காது. நான் கேட்ட கேள்வி நினைவிருக்கலாம்.

இன்று என் கருவிக்கு விண்ணப்பம் எழுத வந்திருக்கிறேன். முந்தைய கருவியில் என்ன குறை, அதை நான் எப்படித் தீர்த்தேன் என்று ஒளிக்காமல் சொல்லச் சொன்னீர்கள். சட்டத்தரணியிடம் சொல்வது வெளியே போகாது என்றும் சொன்னீர்கள். அதனால் சொல்கிறேன்.

முந்தைய கருவி என் தங்கை சுகந்தினியின் புருஷன் நாகலிங்கம் செய்தது. புளத்கொகுபிட்டியவுக்கு மேலே இருக்கிறது எங்கள் ரப்பர் தோட்டம். உறைந்த பாலை ரோலரில் கொடுத்துத் தகடாக இழுப்பது பெண்களின் வேலை. கை கொஞ்சம் முன்னே போனால் ரோலர் இழுத்துக்கொள்ளும். நாகலிங்கம் ரோலருக்கு முன்னால் ஓர் இரும்புப் பட்டை வைத்தான். பட்டையில் கை பட்டால் ஸ்பிரிங் பெல்ட்டைத் தள்ளிவிடும், ரோலர் நின்றுவிடும். அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு எல்லாரும் பால் வெட்டும் கத்தியையும் வாளியையும் சாமி படத்துக்கு முன்னால் வைப்பார்கள். அந்த வருடம் அவன் ரோலருக்கே சந்தனம் பூசி, பட்டைக்கு மாலை போட்டு, ஓடவிட்டுக் காட்டினான். பெரிய தொரையும் வந்து பார்த்தார். பொடியன்கள் வீடியோ எடுத்து பேஸ்புக்கில் போட்டார்கள்.

"ரோலருக்குத் தாலியே கட்டிட்டாரு," என்று விஜயகலா சிரித்தாள். ரோலரில் நிற்கிற பெண்களில் வாய் நீண்டவள் அவள். பிறகு என் பக்கம் திரும்பி, "பதினாறு வருசமா மெசினு மெசினுன்னு அதுக்குள்ளயே கெடந்தீங்களே அண்ணே, மாலை மாப்பிள்ளைக்குப் போயிருச்சே," என்றாள்.

நானும் சிரித்தேன். அந்த ரோலர் கொட்டகையில் எது பழுதானாலும் அதுவரை என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

கூட்டத்துக்குப் புறப்பட்டபோது நாகலிங்கம் வந்து சொன்னான்: "மச்சான், சாமி முன்னாடி வச்சு ஊருக்கே காட்டிப்புட்டேன். அதனால ஏதும் கெட்டுப்போகுமான்னு கேட்டுட்டு வாங்க."

நான் கேட்டேன். நீங்கள் சிரித்துவிட்டு, சாமிக்கு முன்னால் காட்டினாலும் அது ஊருக்குக் காட்டியதுதான், ஆனால் காட்டியவரே அன்றிலிருந்து ஒரு வருடத்துக்குள் விண்ணப்பித்தால் நம் நாட்டுச் சட்டம் அதைப் பெரிதுபடுத்தாது என்றீர்கள். வருடம் தாண்டினால் அது எல்லாருடைய சொத்து.

அதற்கு முன்பே இன்னொன்று சொல்லியிருந்தீர்கள். கண்டுபிடிப்பு புதிதாக இருக்க வேண்டும், தொழிலுக்குப் பயன்பட வேண்டும், அந்தத் துறையில் வேலை தெரிந்த ஒருவனுக்குச் சாதாரணமாகத் தோன்றிவிடக் கூடாது. பார்சலைப் பிரித்துக்கொண்டு அதையே யோசித்தேன். வேலை தெரிந்தவன் என்றால் அது நான். பதினாறு வருடம் அந்த ரோலருக்கு முன்னால் நின்றவன். எனக்கு அந்தப் பட்டை தோன்றவே இல்லை. அப்படியென்றால் அவன் கெட்டிக்காரன் என்பதற்குச் சட்டப்படி நானே அத்தாட்சி.

திரும்பிப் போய் எல்லாவற்றையும் அவனிடம் சொன்னேன். அந்த ஒரு வருடத்தை மட்டும் சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை.

"அப்ப ஒன்னும் கெட்டுப்போகலையா மச்சான்?"

"கெட்டுப்போகல மாப்ள. ஆனா அரைகுறையா கொண்டுபோனா கொழும்பு ஆபீசுல சிரிப்பானுங்க. இன்னுங் கொஞ்சம் நல்லாக்கு."

"எங்கண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் சுகந்தினி. "நீங்க அவசரக் குடுக்கை."

அவன் நல்லாக்கிக்கொண்டே இருந்தான். நான் குறை சொல்லிக்கொண்டே இருந்தேன். பட்டை கனம் என்றேன், மெலிதாக்கினான். சத்தம் என்றேன், தோல் வைத்தான். வருடம் முடியப் போகிற நேரத்தில் சொல்ல என்னிடம் குறை இல்லாமல் போயிற்று. "அடுத்த கிழமை கொழும்பு போறோம் மச்சான்," என்றான்.

அதனால் ஒரு குறை தேவைப்பட்டது. ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் நட்டைத் தளர்த்தி வைத்தேன். காலையில் பெண்கள் வருமுன் அவன் வாழைத்தண்டைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பான். தண்டு நசுங்கும், பயணம் தள்ளிப்போகும். அதுதான் என் கணக்கு.

அன்று காலை அவன் சோதிக்கவில்லை. விண்ணப்பத்துக்கு வரைந்த படங்களைப் போட்டோகொப்பி எடுக்க டவுனுக்குப் போயிருந்தான். அனுப்பியது நான்தான்.

கருவியைப் பார்க்க வெளியிலிருந்து இரண்டு பேர் வந்திருந்தார்கள். கூட்டி வந்ததும் நான்தான். சுகந்தினியும் அந்த ரோலரில் நிற்பவள்தான், ஆட்கள் வந்தால் வாழைத்தண்டைத் தேட மாட்டாள். தன் கையையே வைத்துக் காட்டுவாள். புருஷன் செய்த சாமான் மேல் அவளுக்கு அத்தனை நம்பிக்கை. இது தோட்டத்தில் எல்லாருக்கும் தெரியும்.

வலது கை, மணிக்கட்டு வரைக்கும்.

ஆஸ்பத்திரியில் அவள் என்னிடம் சொன்னது இதுதான்: "அண்ணே, அவர ஒன்னும் கேட்டுறாதீங்க. பாவம், சோறு தண்ணி இல்லாம கெடக்குறாரு." நான் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பட்டையை அறுத்து ஓடையில் வீசிவிட்டான். படங்களையும் கிழித்துவிட்டான். பெண்கள் மறுபடியும் பட்டை இல்லாமல் வேலை செய்கிறார்கள். போன கிழமை ஆயுத பூஜை வந்து போனது. ரோலருக்கு யாரும் மாலை போடவில்லை.

பொறாமை என்று நீங்கள் நினைக்கக் கூடாது, மெடம். பொறாமைக்காரன் அவன் சாமானைத் தன் பெயரில் எழுதியிருப்பான். நான் திருடவில்லை. பழையதன் குறையைத் தீர்த்தால் அதுவும் புதியதாகலாம் என்று நீங்களே சொன்னீர்கள். தீர்த்திருக்கிறேன். என் பட்டையில் அந்த நட்டுக்கு மேலே மூடி, மூடிக்குப் பூட்டு. யாரும் கை வைத்துத் தளர்த்த முடியாது. கெடுக்க நினைப்பவன் வீட்டு ஆளாகவே இருக்கலாம் என்று யோசித்துச் செய்தது. வேலை தெரிந்தவனுக்கும் சாதாரணமாகத் தோன்றாத விஷயம்.

நாகலிங்கத்துக்குத் தோன்றவில்லை.